வடிவாச்சியின் கால்கட்டு

லொம்போக் தீவின் மேல் மண் ஒட்டியிருந்தது. செம்மண், பக்கம் பக்கமாக இரண்டு தீற்றல், இன்னும் ஈரம் காயாமல். முத்துச்செல்வி காப்பித் தம்ளரோடு சாப்பாட்டு மேசை முன்னால் நின்று அதையே பார்த்தாள். நேற்றுக் காலையில் இதே மாதிரி இரண்டு தீற்றல் பாலித் தீவின் மேல் இருந்தது. அதைத் துடைத்த துணி இன்னும் கொடியில் கிடக்கிறது.

மேசையை முழுசாக மூடிக் கிடந்தது பள்ளிக்கூடத்துத் துணி மேப். தென்காசியில் வேலை பார்த்த காலமெல்லாம் புவியியல் நடத்தியவள் அவள். ரிட்டயர் ஆன அன்று "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டதற்கு, ஓரம் கிழிந்த இந்த மேப்பைக் கேட்டு வாங்கி வந்தாள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை தீவுகளைப் பிரம்பு நுனியால் தொட்டுக் காட்டியிருப்பாள்! ஆனால் திருச்செந்தூர்க் கடலில் முழங்கால் நனைந்ததற்கு மேல் அவள் கடலுக்குள் போனதில்லை. கணவர் மாரிராஜ் போலீஸ்காரர். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து, தேர்தலுக்குப் பந்தோபஸ்து, குற்றாலச் சீசனுக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து. "ரிட்டயர் ஆனதும் போவோம்ட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ரிட்டயர் ஆகும் முன்பே போய்ச் சேர்ந்தார், தனியாக.

இனி யாருக்காகக் காத்திருக்க? பாலி, லொம்போக், ஃபுளோரஸ், அங்கிருந்து வடக்கே சுலவேசி மலைக்காடு என்று பாதை போட்டாகிவிட்டது. கூட வருகிறவள் ஜெனி, அதே பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்த செங்கோட்டைக்காரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்சி. ஜெனியைச் செங்கோட்டையில் ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம். பட்டாளத்தில் இருக்கும் மகன்கூட "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டான். சொல்லாதவர் ஒருவர்தான். ராயகிரியில் இருக்கும் கணவரின் அண்ணன், ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாள்.

"நம்ம வீட்டுப் பொம்பளைய யாரும் கடல் தாண்டுனது கிடையாது. அது வழக்கமில்ல" என்று அவர் போனில் சொன்னார்.

"நான் போயிட்டு வந்துட்டா வழக்கமாயிரும் அத்தான்" என்றாள் முத்துச்செல்வி. அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை.

மண்ணை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசம். இந்த வீட்டில் செம்மண்ணுக்கு வழியே இல்லை. முற்றம் சிமெண்டு, வெளியே குற்றாலம் ரோட்டோரம் கறுப்புச் சேறு. "குரங்கு வேலை" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் எது காணாமல் போனாலும் எது கொட்டிக் கிடந்தாலும் பழி குரங்கின் தலையில்தான் விழும். அடுக்களை ஜன்னல் பூட்டியிருந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஆனால் அந்த மண் எந்த ஊர் மண் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை அத்தானின் மனைவி முப்பிடாதியம்மாள் ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிச்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முடிச்சின் கழுத்தில் பழைய தென்னங்கயிறு சுற்றியிருந்தது.

"வடிவாச்சி பிடிமண்ணுட்டி. கடல் தாண்டிப் போற, குலசாமி துணைக்கு இருக்கட்டும்" என்றாள்.

"அத்தானா குடுத்துவிட்டாக?"

"அவுகதான்."

பிடிமண் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகிறவர்கள் குலசாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்த மண்ணோடு சாமியும் கிளம்பிவிடும். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வைத்த இடத்தில் சாமி உட்கார்ந்துவிடும். முத்துச்செல்விக்கும் இது தெரியும். ஆனால் முப்பிடாதி முடிச்சைக் கையில் திணித்த அதே நேரம் போன் அடித்தது. ஜெனி விமான டிக்கெட்டைப் பற்றி ஏதோ அவசரமாகக் கேட்டாள். முத்துச்செல்வி முடிச்சை மேப்பின் மேல் வைத்துவிட்டுப் பேசினாள்.

"அய்யோ, வச்சிட்டியேட்டி" என்றாள் முப்பிடாதி. வாய்தான் பதறியது. முகத்தில் வேலை முடிந்த நிம்மதி இருந்தது. போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே முத்துச்செல்வி முடிச்சைப் பூஜை அலமாரிக்கு மாற்றினாள். மேப்பில் ஒட்டுகிற மண்ணுக்கும் முடிச்சுக்கும் என்ன தொடர்பு இருந்துவிடப் போகிறது என்று நினைக்கத்தான் பார்த்தாள்.

சத்தம், லொம்போக்கில் மண் இருந்த அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம் வந்தது. சாரல் தகரத்தின் மேல் நிற்காமல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, மலையிலிருந்து வந்த மேகம் தென்னை உச்சி வரைக்கும் தாழ்ந்து வீட்டுக்குள் இருந்த வெளிச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது, கொடியில் காயாத துணிகளின் புழுங்கல் நாற்றமும் ரோட்டு ஓரத்து மசாஜ் கடைகளிலிருந்து வந்த எண்ணெய் வாசமும் சேர்ந்து கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களைப் பக்கம் எதுவோ விழுந்தது.

தொப்.

கூடவே, சில்லறை உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சலக்கல். பிறகு ஒன்றும் இல்லை. தேங்காய் விழுந்திருக்கும் என்று நினைத்துத் துணியை மடித்தாள். மறுபடி, தொப். இப்போது கொஞ்சம் பக்கத்தில். தேங்காய் நடந்து வராது. குரங்கு என்றால் நடக்கும், ஓடும், தாவும். இது ஒரே இடத்தில் எம்பி, கனமாக, சிரமப்பட்டு இறங்குகிற சத்தம். ஒவ்வொரு தரமும் அந்தச் சலக்கல். அது என்ன சத்தம் என்று அவள் காலுக்குத் தெரிந்தது. மாரிராஜ் இறந்த அன்று கழற்றும் வரைக்கும் அவள் விரல்களிலும் அது இருந்தது. மெட்டி.

அடுக்களைக்குப் போய் விளக்கைப் போட்டாள். ஒருவரும் இல்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது. அவள் நடுங்கினாள், நடுங்கியதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஜெனி கூப்பிட்டாள். "ஏட்டி செல்வி, வீடியோ ஒண்ணு பாத்தேன். ஒரு தீவுல விடியக்காலம் வாசல்ல பூ வைக்காங்க, அடுத்த தீவுல பாங்கு, அதுக்கடுத்ததுல எங்க மாதா கோயில் மணி. சுலவேசி மலையில செத்தவங்கள வீட்டுக்குள்ளயே வச்சிருப்பாங்களாம். செத்துட்டாங்கன்னே சொல்ல மாட்டாங்களாம், உடம்பு சரியில்லன்னுதான் சொல்வாங்களாம். வேளைக்குச் சோறு வேற!"

"நாம மட்டும் என்னவாம்? செத்தவளுக்கு வருசம் ஒரு சேலை எடுக்கலையா?" என்று முத்துச்செல்வி சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

புதுப்பெண்ணாக அவள் ராயகிரிக்குப் போன வருஷம் வடிவாச்சிக்குக் கொடை நடந்தது. எலுமிச்சைத் தோட்டத்துக்குள், கிணற்றுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரக் கல். கல்லுக்குப் புதுச்சேலை உடுத்தி, பூ வைத்து, பொங்கலிட்டார்கள். கடைசியில் வீட்டின் மூத்த ஆம்பளை குனிந்து கல்லின் அடியில் புதுத் தென்னங்கயிறு சுற்றி முடிச்சுப் போட்டார். பழைய கயிற்றை அவிழ்க்கவில்லை. வருஷா வருஷம் அதன் மேலேயே சுற்றிச் சுற்றி, கல்லின் அடி ஒரு மரத்தண்டு கனத்துக்கு இருந்தது. "எதுக்கு கயிறு?" என்று அவள் கேட்டாள். ஆம்பளைகள் சிரித்தார்கள். "ஊர் சுத்தப் போயிரக் கூடாதுல்லா!"

மீதிக் கதையை முப்பிடாதிதான் அன்றைக்குக் காதோடு சொன்னாள். வடிவாச்சியும் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான், பேர் முத்துவடிவு. புருஷன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவள் அவனிடம் போவதற்காகத் துணிமூட்டையோடு கப்பலேறக் கிளம்பினாள். கொழுந்தன்மார் பாதி வழியில் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, தோட்டத்தில் மழையில் போட்டார்கள். விடிந்து பார்த்தபோது அவள் கிணற்றடி வரைக்கும் வந்து செத்துக் கிடந்தாள். கட்டு அப்படியே இருந்தது.

கால் கட்டியவள் எப்படி வந்திருப்பாள்?

இரண்டு காலும் சேர்த்து. எம்பி. எம்பி.

முத்துச்செல்வி போனை வைத்தாள். ராயகிரிக்குக் கூப்பிட்டாள். முப்பிடாதி நாலாவது தரம்தான் எடுத்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அந்த மண்ண எதுக்கு என் வீட்டுல கொண்டாந்து வச்சிய?"

அந்தப் பக்கம் அழுகை. "நான் என்னட்டி செய்ய? அவுகதான் கல்லடியில மண்ணு தோண்டி, அங்கன கிடந்த கயித்துலயே ஒரு துண்ட அறுத்துக் கட்டிக் குடுத்தாக. அவ கையில வச்சிட்டு வா, எப்படியும் கீழ வைப்பா, வச்சிட்டா அந்தப் படியத் தாண்ட வடிவாச்சி விடமாட்டான்னாக. நீ போவாதட்டி. அவ பொல்லாதவ."

முத்துச்செல்விக்குப் பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கி வந்தது.

"அவளா பொல்லாதவ? கால கட்டிக் கொன்னது இவனுவ. இப்ப கட்டிப் போட்டவளையே காவலுக்கு வச்சிருக்கானுவ. அத்தான்கிட்ட சொல்லுங்க, நான் போவேன்."

ஜெனி வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. செங்கோட்டை கூப்பிடு தூரம். ஆனால் கட்டியவனோடு சேர்ந்து கடன் அடைத்த வீடு இது, இதை விட்டு அவள் எதற்கு ஓட வேண்டும்? கூடத்து விளக்கை அணைக்காமல் படுத்தாள். தூங்கவில்லை.

சனிக்கிழமை மண் ஃபுளோரஸ் மேல் இருந்தது. அதையும் துடைத்தாள். துடைக்கும்போது குனிந்து பார்த்ததில் அது தீற்றல் இல்லை, அச்சு என்று தெரிந்தது. இரண்டு கால் பெருவிரல்கள், ஒன்றோடொன்று ஒட்டி. போகவிடாமல் வடிவாச்சி ஒவ்வொரு தீவாக அடித்துவிட்டுக்கொண்டே வருகிறாள் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் சத்தம் அடுக்களையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. மேசைக்குப் பக்கத்தில் நின்றது. முத்துச்செல்வி படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அச்சு சுலவேசி மேல் இருந்தது. அவள் துணியை எடுத்தாள். துடைக்கவில்லை. பாலி, லொம்போக், ஃபுளோரஸ், சுலவேசி. அவளும் ஜெனியும் போட்ட பாதை, போட்ட வரிசை. தடுக்க வந்தவள் வழியெல்லாம் ஏன் நடந்து பார்க்கிறாள்? துணியைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

நாலு மணி வாக்கில் கேட் திறந்தது. சிவனணைந்தபெருமாள் மழைக்கோட்டைக் கழற்றி வராந்தாக் கம்பியில் மாட்டிவிட்டு, தன் வீட்டுக்குள் வருகிற மாதிரியே வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் கைப்பைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டாக்சிக்காரன்கிட்ட வரவேண்டாம்னு சொல்லு."

"அது என் பாஸ்போர்ட்டு அத்தான்."

"பேரு உன்னது. மானம் எங்களுது. தம்பி இருந்தா விட்டிருப்பானா?"

"அவுக இருந்தா கூட வந்திருப்பாக."

அவர் சிரித்தார். "நான் உன்ன கைய புடிச்சு இழுக்கப் போறதில்லம்மா. அதுக்கு ஆள் வச்சிருக்கேன்."

கரண்ட் போனது. சாரல் பிடித்துவிட்டால் அது போவதும் வருவதும் சகஜம்தான். மேகம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பகல் பொழுதிலேயே கூடம் கிணறு மாதிரி இருண்டது. எலுமிச்சை இலை வாசம் எழுந்தது, மூக்கைக் குத்தும் அளவுக்கு.

தொப்.

அடுக்களையில்.

சலக்.

பெருமாளின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. வருஷா வருஷம் அந்தக் கயிற்றைக் கட்டியவர் அவர். அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார்.

தொப்.

"பா... பாத்தியா? வந்துட்டா. இனி நீ படி தாண்டு பாப்போம்."

தொப். கூடத்து வாசல். தொப். மேசை. ஓடச் சொல்லி முத்துச்செல்வியின் உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் ஓடவில்லை. சத்தம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தரையில் மட்டும் தண்ணீர் சொட்டியது. சொட்டு. சொட்டு.

அவள் மண்டியிட்டாள்.

கையை நீட்டினாள். குளிர்ந்த காற்று. இன்னும் கொஞ்சம். விரலில் கயிறு பட்டது. ஊறிப்போன கயிறு. பழசுக்கு மேல் புதுசு, புதுசுக்கு மேல் புதுசு, மரத்தண்டு கனத்துக்கு.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"சும்மா இருங்க அத்தான்." குரல் நடுங்கியது. பரவாயில்லை, நடுங்கட்டும். முடிச்சைத் தேடினாள். பள்ளியில் எத்தனை பிள்ளைகளின் ஷூ லேஸ் சிக்கலை அவிழ்த்த விரல்கள் இவை! "கால ஆட்டாத" என்றாள் இருட்டைப் பார்த்து. "ஆட்டாம நில்லு. அவுத்து விடுதேன்."

"அவுக்காத! ஏட்டி, அவுக்காத! தலைமுறை தலைமுறையா கட்டுன கட்டு!"

நகம் பிய்ந்தது. ஒரு முடிச்சு. இன்னொன்று. கயிறு சுற்றுச் சுற்றாக மடியில் விழுந்தது. உள்ளே போகப் போகக் கயிறு மெலிந்தது, கறுத்தது, நாறியது. கடைசிச் சுற்றுக்குக் கீழே விரல் தோலில் பட்டது. சில்லென்ற தோல். கயிறு அறுத்த பள்ளம், எலும்பு வரைக்கும்.

கடைசி முடிச்சு.

விழுந்தது.

சாரல் சத்தம் மட்டும். பிறகு, ஒரு கால் எடுத்து வைக்கும் ஓசை. ஒற்றைக்கால். பிறகு மற்றது. நடை பழகும் பிள்ளையின் தயக்கத்தோடு, ஒன்று, இரண்டு. சலக், சலக். அவளைக் கடந்து போனது. நாற்காலியை நோக்கி.

முத்துச்செல்வியின் மடியிலிருந்த கயிறு அசைந்தது. வழுக்கி இறங்கியது. தரையோடு தரையாக இழுபட்டு, ஈரக்கோடு போட்டுக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் போனது.

"ஆச்சி" என்றார் சிவனணைந்தபெருமாள். அவர் அப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதில்லை. "ஆச்சி, நான் இல்ல. எங்க தாத்தா. நான் கயிறுதான கட்டுனேன். ஆச்சி..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கயிறு இறுகும் முறுமுறுப்பு மட்டும். பாஸ்போர்ட் தரையில் வழுக்கி வந்து அவள் முழங்காலில் முட்டி நின்றது. அட்டையில் ஒரு செம்மண் விரல் அச்சு.

அவள் பாஸ்போர்ட்டோடு எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். பூஜை அலமாரியைத் திறந்து மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்தாள். பிடிமண்ணை எடுத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு வழக்கத்தை மட்டும் அவள் அன்றைக்கு மதித்தாள். வாசலில் டாக்சியின் ஹாரன் கேட்டது. "வா, போவோம்" என்றாள், யாரிடம் என்று தெரிந்தே. பெட்டியை இழுத்துக்கொண்டு படி தாண்டினாள்.

டிரைவர் வேல்ராஜ் பெட்டியை ஏற்றினான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து முடிச்சை மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு உதறியது. கூடவே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்து சீட் மெல்ல அமுங்கியது. அதன் காலடி விரிப்பில் தண்ணீர் தேங்கியது.

வண்டி நகர்ந்தது. வேல்ராஜ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"யக்கா, ஐயா வழியனுப்ப வாராக போல." அவன் குரல் மாறியது. "அவுக ஏன்க்கா அப்படி வாராக?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

அவள் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடி அவளுக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் ஒரு கால் இன்னொரு காலின் மேல் ஏறிக்கொண்டது. சலக். சாவகாசமாக ஆடத் தொடங்கியது. கண்ணாடிக்குள், சாரலில், குற்றாலம் ரோட்டின் நடுவில், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கயிறு சுற்றிய சிவனணைந்தபெருமாள், இரண்டு காலும் சேர்த்து, எம்பி எம்பி, வாயைத் திறந்தபடி, வந்துகொண்டே இருந்தார்.